நாங்க போறோம்

அச்சகத்தில் பிழை திருத்துகிற அவருக்குப் பெயர் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பக்கத்தையே திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். "ஊருக்குள்ள பெரிய புள்ளி நூறு பேர் இருக்கலாம், நமக்கு இந்த ஒரு புள்ளியே தாங்கல" என்று அச்சு இயந்திரக்காரர் அவர் காதுபடவே சொல்வார். மனிதர் அதற்கும் சிரிக்கமாட்டார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்தபடி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். முப்பத்தோரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தப்பைத் தேடியவர், வேறென்ன செய்வார்?

அவருக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே ஒப்பித்துவிடுவார்.

"கேக்கிறவரையும் சேத்துக்கிட்டா 'நாம்'. அவரை வெளியில நிறுத்திட்டா 'நாங்கள்'. இதுல குழப்பினா, தான் உள்ள இருக்கமா வெளிய இருக்கமான்னே படிக்கிறவனுக்குத் தெரியாமப் போயிடும்."

இலக்கணத்தில் அத்தனை கறார். சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் ஐயாவுக்குத் தெரியாது.

சொந்த வீடு என்றால் தம்பியின் குடும்பம்தான். தம்பி, தம்பி மனைவி, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள். அம்மா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே எல்லோரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். நடையின் கடைசி அறை இவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாருக்கும் பாரமாக இல்லாமல், எதிலும் தலையிடாமல், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மனிதன் தான் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. அதை அடக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி புதிதாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தான். குடிபோகும் நாள் நெருங்கியது. இவரும் அச்சகத்திலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து, ஒன்றில் அகராதிகளையும் இன்னொன்றில் துணிமணிகளையும் அடுக்கி, சணல்கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். யாரும் கட்டச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் தனியாகச் சொல்லவேண்டுமா என்ன?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தம்பி மனைவி கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தான், நாங்க ஞாயித்துக்கிழமை காலையில போறோம். வீட்டுக்காரர்கிட்ட உங்க தம்பி பேசிட்டாரு. நீங்க இங்கேயே இருக்கிறதுல அவருக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையாம். சமையலுக்கு ஒரு அம்மாவும் பாத்து வச்சிருக்கேன்."

'நாம போறோம்னு சொல்லணும்மா' என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் வாயிலிருந்து தவறாக ஒரு வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. இன்றும் அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய், கட்டி வைத்த பெட்டியின்மேலேயே உட்கார்ந்தார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அறுபது வயது நெருங்கும்போது, கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்களே என்று மனம் புழுங்கியது. நன்றிகெட்டவர்கள் என்றுகூட நினைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம், தம்பி கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்று கேட்டேவிட்டார்.

"அங்க எனக்கு ரூம் இல்லையாடா?"

தம்பி திருப்புளியைக் கீழே வைத்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிளானைக் கொண்டுவந்து உன் மேஜைமேல விரிச்சேன். எந்த ரூம் வேணும்னு கேட்டேன். ஞாபகம் இருக்காண்ணா?"

பிளான் ஞாபகம் இருந்தது. அதில் 'சமையலரை' என்று போட்டிருந்ததைச் 'சமையலறை' என்று திருத்திக் கொடுத்தது நன்றாகவே ஞாபகம் இருந்தது. மற்றது எதுவும் இல்லை.

"'உங்க வீடு, நீங்க பாத்து முடிவு பண்ணுங்க'ன்னே. மூணு தடவை கேட்டேன். அவளும் கேட்டா. 'எனக்காக நீங்க யோசிக்காதீங்க'ன்னுட்டே. சரி, உனக்குத் தனியா இருக்கத்தான் இஷ்டம்னு ரெண்டு ரூம் வீடா வாங்கினோம்."

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன்டா."

"அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, 'நீங்க இருங்க, எனக்குப் பக்கம் பாக்கணும்'னு கிளம்பினியே, அதுவும் மரியாதையா?" தம்பியின் குரல் உடைந்தது. "உன்மேல எனக்குக் கோபம் இல்லண்ணா. நீ எங்கே உக்காந்திருக்கேன்னுதான் இத்தனை வருஷமா தெரியல."

தம்பி மறுபடியும் திருப்புளியை எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் ஒரு பள்ளிப் பாடநூலின் பக்கங்கள் மேஜையில் கிடந்தன. இவர் கண் வரிகளில் ஓடியது, மனம் எங்கேயோ போயிற்று. உங்க வீடு, உங்க பொண்ணு, நீங்க சாப்பிடுங்க, நீங்க போய்ட்டு வாங்க. தன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் முப்பது வருடத்தில் தான் ஒருமுறையாவது 'நாம' என்று சொன்னதாக நினைவில்லை. அவர்கள் அவரை வெளியே நிறுத்தவில்லை. அவரேதான் வெளியே போய் நின்று, உள்ளே இருக்கிறவர்களிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தத் துண்டுச்சீட்டு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். எழுத்துக் கோக்கும் பகுதியில் ஒரு பெண் இருந்தாள். பக்கங்களைக் கொண்டுவந்து வைக்கும்போது ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பாள். ஒரு நாள் கடைசித் தாளுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. 'நாம் இருவறும் ஒரு நாள் வெளியில் உட்கார்ந்து பேசலாமா?' இவர் 'ற'வைச் சுழித்து, ஓரத்தில் 'ர' என்று எழுதி, வழக்கம்போலக் கீழே கையெழுத்தும் போட்டு, மற்றப் பக்கங்களோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் அவளுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி வேலையை விட்டுப் போனாள். எழுத்துக் கோக்கிறவளுக்கு ரகர றகரம் தெரியவில்லையே என்று இவர் அதைத் தனக்குத்தானே ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அட மனுஷா.

வேடிக்கை இல்லை என்று இப்போது தெரிந்தது. புரியாமல் திருத்தவில்லை, நன்றாகப் புரிந்துதான் திருத்தினார். பதில் எழுதினால் உள்ளே போகவேண்டும், திருத்தினால் ஓரத்திலேயே நின்றுகொள்ளலாம். அன்றைக்கும் பயம், ஆஸ்பத்திரியிலும் பயம், பிளானை விரித்த அன்றைக்கும் அதே பயம். பாரமில்லாதவனும் இல்லை, அடக்கமானவனும் இல்லை; தான் ஒரு பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது. மேஜையில் கவிழ்ந்து கொஞ்சநேரம் அழுதார். பார்த்த அச்சு இயந்திரக்காரர், கிண்டல் பண்ணாமல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் தெரிந்துவிட்டதே, இனி என்ன? இரண்டே வார்த்தை: நானும் வர்றேன். சனிக்கிழமை முழுவதும் அதையே சொல்லிப் பார்த்தார். முகம் கழுவும்போது, தெருவில் நடக்கும்போது, கண்ணாடிமுன் தலை வாரும்போது. கூடத்தில் ஒரு பாய் போட்டால் போதும். அகராதிப் பெட்டியை ஒரு மூலையில் தள்ளிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. பீரோ போயிற்று, கட்டில் போயிற்று, வாளிகளும் பாத்திர மூட்டைகளும் போயின. மகள் வந்து "பெரியப்பா, அப்பப்ப வாங்க" என்று கையைப் பிடித்துவிட்டு வண்டியில் ஏறினாள். தம்பி கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கடைசியாகத் தம்பி மனைவி, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, இவர் அறை வாசலுக்கு வந்தாள். கட்டி வைத்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தான், கூடத்துல ஒரு கட்டில் போட்டுக்கலாம். அவரும் அதைத்தான் சொன்னாரு. வண்டியில இடம் இருக்கு. வாங்க, நாம போகலாம்."

நாம. அவர் காதில் தெளிவாக விழுந்தது. வாயைத் திறந்தார்.

"பரவாயில்லம்மா. நீங்க போங்க."

சொன்னபிறகுதான் அவருக்கே கேட்டது. அவள் உடனே போகவில்லை. கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு, முழுதாக ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருத்துவதற்கு அத்தனை நேரம் கொடுத்தாள்.

"நெஜமாவா, அத்தான்?"

"நீங்க போங்கம்மா. நேரமாவுது."

வண்டி திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, ஒன்றுமில்லாத கூடத்தின் நடுவில் நின்று, "நானும் வர்றேன்" என்றார். நாக்கு குழறவில்லை, ஓர் எழுத்துப் பிசகவில்லை. காலி வீட்டில் அது நன்றாகவே கேட்டது.

சணல்கயிற்றை அவிழ்த்து, அகராதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடியும் அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.