ரிஜெக்ட் பெட்டி

“இவங்க தெனமும் பல்லு தேய்க்கிறாங்களா?” என்று பல் டாக்டர் என் கணவர் டெனிசனிடம் கேட்டார். வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருப்பவள் நான். கேள்வி மட்டும் என் தலைக்கு மேலே போகிறது. சக்கர நாற்காலியில் வந்தால் காதும் கேட்காது என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ.

தேய்க்கிறேன் ஐயா, தேய்க்கிறேன். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என் நரம்புகளைப் பிடித்து மூன்று வருடமாகிறது. பிரஷ் பல்லைத் தொடுவதற்குள் கன்னத்தில் நாலு கோடு இழுத்துவிடும். மாத்திரைகளால் வாய் எந்நேரமும் காய்ந்து கிடக்கும். பைக் கைப்பிடி ரப்பரைப் பிரஷில் செருகிக் கொடுத்தவர் டெனிசன்தான். கம்பெனியில் ஓவர்டைம் இல்லாத நாளில் அவரே தேய்த்தும் விடுவார். அந்த ஓவர்டைம் இல்லாத நாள்தான் வருவதில்லை.

“கீழ் வரிசைய மொத்தமா எடுத்துட்டு பல்செட்டு வெச்சிடலாம் சார். இன்னிக்கு நாலு எடுக்கலாம். இந்த மாதிரி பேஷண்டுக்கு அதான் ஈஸி.”

டெனிசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுங்குவார்சத்திரத்தில் இரண்டு மணி ஷிப்டுக்கு கம்பெனி பஸ் வந்துவிடும். “எடுத்துடுங்க டாக்டர். எனக்கும் கொஞ்சம் சுளுவா இருக்கும்” என்றார்.

யாருடைய பல்லை யார் கொடுப்பது? பிரஷையே பிடிக்காத கை செட்டைக் கழற்றி மாட்டுமா? ஒன்பது வருடம் செல்போன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். மூடியில் மயிரிழைக் கீறல் என்றாலும் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும். என் வாய்க்கு ஒருத்தர் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதுமாம்!

ஊசி நெருங்கியது. வாயை இறுக மூடிக்கொண்டேன். கால் என் பேச்சைக் கேட்காது, கை கேட்காது. தாடை இன்னும் கேட்கும்.

“தொறங்கம்மா.”

“இன்னா ஷாலின் இது? டைம் ஆவுது.”

என் நாக்கு மெதுவாகத்தான் எழும்பும். காத்திருக்கட்டும்.

“ஒவ்வொரு... பல்லா பாருங்க. எது கெட்டது, எது நல்லதுன்னு... எங்கிட்ட சொல்லுங்க.”

டாக்டர் டெனிசனைப் பார்த்தார். டெனிசன் என்னைப் பார்த்தார். கடிகாரம் கட்டிய கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அவளாண்ட சொல்லுங்க டாக்டர்.”

வாயைத் திறந்தேன். விளக்கு கண்ணில் அடித்தது. டாக்டர் கையிலிருந்த கம்பி கீழ் வரிசையின் வலது கோடிப் பல்லைத் தட்டியது, அசைத்துப் பார்த்தது, மறுபடி தட்டியது. டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இது... நல்லாத்தான் இருக்கும்மா.”

அடுத்த பல்லுக்குப் போகவிடாமல் அந்தக் கம்பியை மெல்லக் கடித்துப் பிடித்துக்கொண்டு, பிடுங்கச் சொன்ன பல் நல்லதாம், கேட்டாரா என்று டெனிசனின் முகத்தைத் தேடினேன்.