தெய்வானை வாசலில் நின்ற இஞ்சின்

மலாக்காவில், காஜா பேராங் செங்கல் சூளையின் இஞ்சின் ஐந்து வருடம் ஓடியும் ஒரு நாள்கூட ஆற்றைப் பார்க்கவில்லை. சூளையிலிருந்து ஆற்றுத்துறைக்குத் தண்டவாளம் இருந்தது. பாதி வழியில் தெய்வானை வீடும் இருந்தது. அங்கே வந்ததும் இஞ்சின் நின்றுவிடும். நெருப்பு உண்டு, தண்ணீர் உண்டு, போக மனம்தான் இல்லை.

தெய்வானையைக் குற்றம் சொல்ல முடியாது. 1910இல் முதல் ஓட்டம் விட்ட நாள் போகி. தெய்வானையைப் போன்ற மலாக்கா செட்டிகள் வீட்டில் அன்று பார்ச்சு. இறந்தவர்களுக்கு வாழையிலையில் படைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் சாப்பிடும்வரை வீட்டார் வெளியே நிற்பார்கள். தெய்வானை வாசலில் நின்று, வீட்டுப் பேச்சான மலாய் மொழியில், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டாள். எதிரே வந்த இஞ்சின் ஊதிற்று. கூப்பிட்டதற்குப் பதில் வந்தால் இலை போடுவதுதானே மரியாதை? ஓர் இலை கூடுதலாகப் போட்டாள். பிறகு பார்த்தால் அதில் சோறு குறைந்திருந்தது, மீன் குழம்பில் கரித்தூள் மிதந்தது. அன்று அங்கேயே நின்றுவிட்ட இஞ்சின், மறுநாளிலிருந்து தினமும் வந்து காத்து நின்றது. செங்கல் அங்கிருந்து மாட்டுவண்டியில் போயிற்று.

ஓட்டுநர் மாசிலாமணிக்கு வேறு ஆசை கிடையாது, ஒரு முறை துறையில் போய் ஊத வேண்டும். ரயில் ஓட்டப் போகிறேன் என்று படகுக்காரர்களிடம் அளந்துவிட்டு வந்தவர். மாட்டுவண்டியோடு அவர் துறைக்கு வரும்போதெல்லாம் அவர்கள், "என்னப்பா மாசிலா, உன் ரயிலுக்குக் கொம்பு முளைச்சிருச்சா?" என்பார்கள். அவர் இஞ்சினைத் திட்டினார், உதைத்தார், கால்தான் வீங்கிற்று. எருமை கட்டி இழுத்தார். எருமைகளும் அங்கேயே படுத்துக்கொண்டன.

"அக்கா, தினமும் ஒரு எல போட்டாத்தான் என்ன?"

"செத்துப்போன மாமனாருக்கே வருசத்துக்கு ரெண்டு வாட்டிதான்லா," என்றாள் தெய்வானை, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். "உன் இரும்புக்கு தினமுமா?"

1914இல் யுத்தம் வந்தது. சூளை முதலாளி ஷரீஃபுதீன் ராவுத்தர் தண்டவாளத்தைப் பிடுங்கி விற்றார். பொங்கல் கழிந்ததும் இஞ்சினையும் உடைக்க ஆள் வருகிறது என்றார்.

அடுத்து வந்த போகியன்று மாசிலாமணி, மண்ணில் நின்ற இஞ்சினில் சாய்ந்துகொண்டு தெய்வானை வீட்டுக்குள் நடப்பதைக் கேட்டார். படையல் முடிந்ததும் தெய்வானை ஒவ்வொரு பெயராகச் சொல்லி, போய் வாருங்கள் என்று விடை கொடுத்தாள்.

"அக்கா! இத என் இஞ்சினுக்குச் சொன்னீங்களா?"

தெய்வானை நெற்றியில் அடித்துக்கொண்டாள். விருந்துக்கு அழைத்தவள் விடை கொடுக்க மறந்திருந்தாள். "அதுக்குப் பேர் இல்லையே! பேர் இல்லாம எப்படி அனுப்புறது?"

"ஐயோ, என் பேரையே சொல்லித் தொலைங்க!"

சொன்னாள். இஞ்சின் பெருமூச்சு விட்டுப் புறப்பட்டது. மாசிலாமணி தாவி ஏறினார். தண்டவாளம் இல்லாதது அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. வாய்க்காலையும் கொய்யாத் தோட்டத்தையும் தாண்டித் துறைக்குப் போயிற்று. மாசிலாமணி ஆசை தீர ஊதினார். படகுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஊதினது சரி. கல்லு எங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு பெட்டிகூட இல்லை. விடை பெற்றவர்கள் நடுவழியில் தங்குவதில்லை என்பதால் இஞ்சின் அப்படியே ஆற்றுக்குள் இறங்கிப் போய்விட்டது. மாசிலாமணி நீந்திக் கரையேறினார்.

மறு வருடம் போகிக்கு தெய்வானை கடைசியாக இஞ்சினுக்காக "மாசிலாமணி" என்று கூப்பிட்டபோது தெருவின் இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. அவள் இரண்டு இலை போட்டாள். ஒன்றில் மட்டும் கரி விழுந்தது.