லாய்ட் லைனில் இருக்கிறார்

வேனை மறிக்க வேறு வழி தெரியாமல், மார்னி தன் பழைய டிரக்கைப் பாலத்தின் நடுவிலேயே குறுக்காக நிறுத்தினாள்.

பனியில் வழுக்கிக்கொண்டே வந்த டெலிவரி வேன், அவள் கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஓட்டி வந்த இளைஞன் இறங்கினான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சாகணும்னா ஆத்துல குதி. என் வண்டிதான் கிடைச்சுதா?"

"உன் பேரு கோடி தானே? கோடி, என் பெட்டி உன் வண்டியில இருக்கு. நீளமா இருக்கும். மார்னி கெட்டோலான்னு பேரு போட்டிருக்கும்."

"துப்பாக்கிப் பெட்டியா? அதை உன் கையில கொடுத்தா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. லைசென்ஸ் இருக்கிற கடைக்காரர் கையெழுத்துப் போட்டாத்தான் இறக்கணும். ரெய்னோ கடைக்குப் போனேன். 'பேக்கரியில பேஸ்டி வாங்கப் போயிருக்கேன்'னு கதவுல அட்டை தொங்குது. இனிமே திங்கட்கிழமைதான்."

திங்கட்கிழமை. நாளை விடிந்தால் மான் வேட்டை தொடக்க நாள். வார நாளில் வந்தால் மேல் மிச்சிகனில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள்.

"ரெய்னோவை நான் இழுத்துட்டு வரேன். நீ வண்டியைத் திருப்பு, போதும்."

"எனக்கு இன்னும் பாதி ஊர் பாக்கியிருக்கு."

"வெஸ்ஸுக்கு வாங்கினது, கோடி."

கோடி மறுபடி வண்டியில் ஏறினான். மரமில்லில் அவள் கணவன் வெஸ்ஸின் வலது கையை ரம்பம் பிடித்தது ஊருக்கே தெரியும். மூன்று விரல் போயிற்று.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றான். வேன் திரும்பியது.

வெஸ் வாலிப வயதிலிருந்து ஒரு தொடக்க நாளைக்கூடத் தவறவிட்டதில்லை. காட்டுக்குள் அண்ணன் தம்பிகளோடு பங்கு போட்டுக் கட்டிய குடில். கை போன பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், உப்பைக் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். "இந்தத் தடவை போகலேன்னா என் பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துடறேன். சும்மா எதுக்கு வச்சுக்கணும்?"

அன்றிலிருந்துதான் மார்னி இடக்கைக்காரர் துப்பாக்கி தேட ஆரம்பித்தாள். ரெய்னோ உதட்டைப் பிதுக்கினார். ஜனவரிக்கு முன்னால் வராது என்றார். ஆன்லைனில் ஒரு கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. விலையும் கைக்கு எட்டியது. எல்லாம் நிரப்பி முடித்த கடைசிப் பக்கத்தில், கார்டில் கட்டினால் மூன்றரை சதவீதம் கூடுதல் என்று பொடி எழுத்தில் முளைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள்.

பணம் உடனே போனது. துப்பாக்கி வரவில்லை. இமெயில் போட்டால் இயந்திரம் நன்றி சொன்னது. இணையதளத்தின் சாட் பெட்டி, அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் மூடிக்கொண்டது. ரசீதின் அடியில் ஒரு நம்பர் இருந்தது. அழைத்தாள்.

அதுதான் லாய்ட்.

முதல் அழைப்பிலேயே மனிதக்குரல் வந்தது. "சார், உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்து, ஆர்டரையும் கார்டுக்கு வாங்கிய கூடுதலையும் வெஸ்ஸின் கையையும் கொட்டித் தீர்த்தாள்.  மறுமுனையில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"ஆர்டர் நம்பரை மட்டும் சொல்லுங்கம்மா," என்றது வயதான குரல்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவரே அழைத்தார். "இன்னைக்கும் குடோன்ல எவனும் போனை எடுக்கலைம்மா. வெக்கமில்லாத பயலுங்க." தன் கம்பெனியைத் தானே இப்படித் திட்டும் ஊழியரை அவள் கண்டதில்லை. இன்னொரு நாள், "இருங்கம்மா, சூப்பு பொங்குது," என்று போய்விட்டு வந்தார். இன்று மதியம் மறுபடி அழைத்தார். "பெட்டி உங்க ஊர் வண்டியில ஏறிடுச்சு. கடைக்காரர் இல்லேன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்க. கண்ணுல எண்ணெய் விட்டுப் பாத்துக்கோங்க."

அதனால்தான் பாலம். அதனால்தான் குறுக்கே டிரக்.

ரெய்னோ பேக்கரியில், கறி அடைத்துச் சுடும் பேஸ்டிக்கான வரிசையில் நின்றிருந்தார். மார்னி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"என் முறை வரப்போவுது, விடு. மாட்டுக்கறி பேஸ்டி ரெண்டுதான் பாக்கி."

"நான் பண்ணித் தரேன், வாங்க."

"நீ பண்ணினதை ஒரு தடவை தின்னிருக்கேன்," என்றபடியே வந்தார்.

கடைக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டார். கோடி பறந்தான். கவுண்டர் மேல் பெட்டியைப் பிரித்ததும் ரெய்னோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தோட்டாவை ஏற்றும் போல்ட்டின் கைப்பிடி இடது பக்கம் இருந்தது. 

"வலக்கை மாடல் வந்திருந்தா உன்னையும் சேர்த்து இந்தப் பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்," என்றார். உள்ளே இருந்த ரசீதைத் தூக்கிப் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கே. கார்டுக்குப் போட்ட கூடுதலைத் திருப்பிக் கொடுத்திருக்கான். இந்த ஆன்லைன் கடையிலேருந்து எத்தனை பேர் வாங்கி என் வழியா எடுத்துட்டுப் போயிருக்காங்க தெரியுமா? ஒருத்தனுக்கும் ஒரு செண்ட் திரும்பி வந்ததில்லை. யாரைப் பிடிச்சே?"

"லாய்ட்னு ஒருத்தர். தங்கமான மனுஷன்."

"அந்தக் கடையிலயா?" ரெய்னோ நம்பாமல் பார்த்தார்.

படிவம் நிரப்பி, போனில் அரசாங்க அனுமதி வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அனுமதி வந்தது.

"என் கூலி இருபத்தஞ்சு டாலர்," என்றார் ரெய்னோ. "கார்டுன்னாலும் அதே இருபத்தஞ்சுதான். பேஸ்டி போனதுக்குத் தனியா ஒண்ணும் போடலை."

வெஸ் சமையலறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிகள் காலையிலேயே குடிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். மார்னி துப்பாக்கியை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு வலது கையின் மிச்ச விரல்களால் முன்கட்டையைத் தாங்கி, இடது கையால் போல்ட்டைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"என் ஆரஞ்சு வேட்டைக் கோட்டு எங்கே?" என்றான்.

"எங்கே போகும்? நீ தூக்கிப்போடச் சொன்ன இடத்துல இல்லை. அலமாரியில இருக்கு."

வாசலில் வண்டி ஏறும்போது திரும்பி நின்றான். "இதை எப்படி இவ்வளவு சீக்கிரம் வரவழைச்சே?"

லாய்டைப் பற்றிச் சொன்னாள்.

"மான் விழுந்தா முதல் சாஸேஜ் அவருக்கு. முகவரி வாங்கி வை."

டிரக்கின் சிவப்பு விளக்குகள் காட்டுப் பாதையில் மறையும்வரை பார்த்துவிட்டு, மார்னி உள்ளே வந்து அந்த நம்பரை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"வேட்டைக்குப் போயிட்டாரு சார்," என்றாள். 

"போயிட்டாரா," என்றார் லாய்ட்.  நாயும் ஏதோ சொன்னது. "ரொம்ப சந்தோஷம்மா."

"உங்க ஆபீஸ் முகவரி சொல்லுங்க. வெஸ் சாஸேஜ் அனுப்பணும்ங்கறாரு. உங்க மேனேஜர் பேரும் வேணும். உங்களைப் பத்தி ஒரு கடுதாசி எழுதாம எனக்குத் தூக்கம் வராது."

"மேனேஜரா? என் காலடியில படுத்திருக்கு. அதுக்குப் படிக்கத் தெரியாது."

"விளையாடாதீங்க சார்."

லாய்ட் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இந்த நம்பருக்குக் கூப்பிடுற ஒவ்வொருத்தனும் எடுத்த எடுப்புல எங்க அம்மாவைத்தான் இழுப்பான். நீங்க ஒருத்தர்தான் 'உங்க மேல தப்பில்லை'ன்னு ஆரம்பிச்சீங்க. விஷயத்தைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவரோட கையைப் பத்திச் சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"எந்த விஷயத்தை?"

"நான் நெப்ராஸ்காவுல ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். கோடைகாலத்துலேருந்து அந்தக் கடைக்காரங்க ரசீதுல தப்பா என் வீட்டு நம்பரை அடிச்சுக்கிட்டிருக்காங்க. அதை எடுக்கச் சொல்லித் தினமும் அவங்க குடோனுக்குக் கூப்பிடறேன். எனக்கும் உங்களுக்குப் பண்ணின மரியாதைதான். சரி, கூப்பிடறதுதான் கூப்பிடறோம்னு, உங்க ஆர்டரையும் சேர்த்துக் கேட்டேன். என் தொல்லை தாங்காம உங்களுதை முடிச்சுட்டாங்க. என் நம்பர் இன்னும் அங்கேயேதான் இருக்கு." சிரித்தார். "நீங்க சொன்னது சரிதாம்மா. நிஜமாவே என் மேல தப்பில்லை. நான் அங்க வேலையே பாக்கலை."