பக்கத்து இருக்கையின் பிரேக்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுதான் கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்தது. கீழ்வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவர். ஒரே கார், ஒரே ஆசிரியர். குடிபோதையில் வண்டி ஓட்டியதாக அவர்மீது வழக்குப் பதிவானதும், சிறுவர்களுக்கு நீதிக்கதை எழுதும் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, உங்க நரிக்கதை மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. என்கிட்ட படிச்சதுங்களுக்காவது புத்தி வரட்டும்."

எழுதினேன்: ஒரு காட்டில் ஒரு நரி, புளித்த பழச்சாற்றை வயிறு முட்டக் குடித்துவிட்டு வண்டியிலேறி–

(நிறுத்திவிட்டேன். நரிக்கு ஓட்டுநர் உரிமம் ஏது? பறிபோக ஒன்றுமில்லாதவனை வைத்து என்ன நீதி சொல்வது?)

2

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். நண்பரின் பணிநிறைவு விருந்து, நடுப்பகல். நம்மவர் இரண்டு கோப்பை உள்ளே தள்ளினார். ஆனால் சாலைவிதி போதிப்பவர் அல்லவா! சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். மனைவி அவரிடமே கார் பழகிவந்தவர். பழகுநர் உரிமம் மட்டுமே வைத்திருந்தார். ஆசிரியர் வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். பயிற்சிக் காரில் அந்த இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு.

திருப்பத்தில் காவலர் கைகாட்டினார்.

"நான் ஓட்டல சார். என் சம்சாரம்தான் ஓட்டறாங்க. பழகறாங்க."

"பழக்கறது யாரு?"

"நான்தான்!" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

"உங்க காலு எதுமேல இருக்கு?"

குனிந்து பார்த்தார். பிரேக்கின்மேல் இருந்தது.

"அப்ப நீங்களும் சேர்ந்துதான் ஓட்டறீங்க. ஊதுங்க."

3

அபராதம், ஓராண்டுக்கு உரிமம் முடக்கம். உரிமமின்றிக் கற்பிக்கவும் முடியாது. பள்ளிக்குப் பூட்டு. மனைவி தேர்வில் வென்றால் அதே காரில் அலுவலக ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலை காத்திருந்தது. தோற்றால் காரை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. எதிர்த்தெருப் போட்டிப் பள்ளியிலேயே மனைவி மீதிப் பாடத்தைக் கற்கச் சேர்ந்தார். (கணவருக்கு அபராதத்தைவிட இதுதான் வலித்தது.)

இருண்ட கூடத்தில் அவள் கண்ணீர் பெருக்கி–

"சார், நான் எப்ப அழுதேன்?" தாளைப் பிடுங்கிப் படித்த மனைவி கேட்டார். "சிரிச்சேன்னு எழுதுங்க. பலூன் ஊதற மாதிரி கன்னத்த உப்பிக்கிட்டு நின்னாரு."

"சிரிப்பா இருக்கா உனக்கு? வருஷம் பூரா நடக்கப் போறவன் நான்!"

"நடங்க, தொப்பையாவது குறையும். ஆனா ஒண்ணு. அன்னைக்கு ஒரு குழந்தை குறுக்க ஓடி வந்திருந்தா? நான் கத்துக்குட்டி. நீங்க தண்ணியில. யாரு காலை நம்பறது அந்தக் குழந்தை?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

(என் நீதிக்கதைக்கு எழுதி வைத்திருந்த கடைசி வரியை இங்கே அடித்துவிட்டேன்.)

4

தேர்வு நாள். வேலிக்கு வெளியே நானும் அவரும். உள்ளே மனைவி ஓட்ட, பக்கத்து இருக்கையில் தேர்வு அதிகாரி. அதிகாரியின் கால் ஒருமுறை பிரேக்கை மிதித்தால் தோல்வி; அவ்வளவே விதி.

கார் திரும்பும்போதெல்லாம் நம்மவர் கால் தரையை ஓங்கி மிதித்தது.

"ஐயா, அது என் காலு!"

"மன்னிச்சுக்குங்க வாத்தியாரே. பழக்கதோஷம்."

முடிவு ஒன்று: பிழையே இல்லாமல் ஓட்டி வென்றார். (பாடநூல் வாசனை அடிக்கிறது.)

முடிவு இரண்டு: தோற்றார், கார் விலைபோனது, ஆனாலும் எல்லாரும்– (வேண்டாம். எனக்கே மனம் வரவில்லை.)

"நடந்தத எழுதிடாதீங்க சார்," என்று சிரித்தார் மனைவி. "படிக்கிறவங்க கால எங்க வைக்கறாங்கன்னு பாப்போம்."

அவர் சொற்படியே செய்கிறேன். கடைசி வளைவு. வேலிக்கடியில் நுழைந்த பந்தொன்று பாதையின் குறுக்கே உருள்கிறது. மனைவியின் கால் பிரேக்கை நோக்கி நகர்கிறது. அதிகாரியை இறக்கிவிட்டேன், பக்கத்து இருக்கையில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். முந்திக்கொண்டு மிதிக்கலாம். அவரை நம்பிக் காலை இழுத்துக்கொள்ளவும் செய்யலாம். சீக்கிரம் முடிவெடுங்கள், வெளியே ஒருவர் இன்னும் என் காலை மிதித்துக்கொண்டே நிற்கிறார்.

அதற்குமுன் ஒன்று கேட்டுவிடுகிறேன், மனம் கோணாதீர்கள்: நீங்கள் எதுவும் குடித்திருக்கவில்லையே?