படகின் முனையில் இருப்பவள்

தாலே நோய் ஏரியின் நடுவில், சிவப்பு அல்லிகளுக்கிடையே, எங்கள் மாணவர்கள் செய்த படகு நின்றுவிட்டது. யாரும் அதை நிறுத்தவில்லை. கல்லூரி முதல்வர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படம் எடுக்கச் சொல்லிக் கைகாட்டிய நேரத்தில் மோட்டார் தானாக அடங்கியது. திரையில் 'முன்னால் தடை' என்று சிவப்பில் எழுத்து வந்தது. முன்னால் தண்ணீர்தான் இருந்தது. படகுக்குப் பொறுப்பானவள் நிம், இயந்திரவியல் இறுதியாண்டு மாணவி. அவள் திரையை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். மறுபடியும் முன்னால் தடை. அவளுடைய கூட்டாளி போம் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினான். படகு ஒரு முழம் நகர்ந்து, இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த விருந்தாளிகள், மரியாதைக்காக, அல்லிப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஏரியில் படகோட்டிப் பிழைக்கும் பிரயூன் மாமா தன் டீசல் படகைக் கொண்டுவந்து கயிறு கட்டி எங்களை இழுத்துப் போனார். சத்தமே போடாத, பறவைகளை விரட்டாத மின்படகு என்று அழைப்பிதழில் பெரிதாக அச்சடித்திருந்தோம். மாமாவின் எஞ்சின் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த கொக்கும் நாரையும் மொத்தமாக எழுந்து பறந்தன. நானும் படகில்தான் இருந்தேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கரைக்குப் போன பிறகு விஷயம் புரிந்தது. எருமையோ வலையோ எதிரே வந்தால் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்துவதற்காக, படகின் முனையில் நிம் ஓர் உணர்கருவி பொருத்தியிருந்தாள். பிள்ளைகள் அதைக் 'கண்' என்பார்கள். அந்தக் கண்ணுக்குச் சற்று மேலே மூன்று நிறத் துணியும் மாலையும் கட்டியிருந்தன. காற்றில் துணியின் நுனி வந்து கண்ணை அப்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் முனையில் துணி கட்டாத படகு தண்ணீரில் இறங்காது. அங்கே மே யா நாங் இருக்கிறாள், படகைக் காக்கிற தாய். லாரிக்கும் பேருந்துக்கும்கூட அவள் உண்டு. விமானத்துக்கும் உண்டு என்று சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும்.

"யாருடா இதக் கட்டுனது?" என்றார் துறைத்தலைவர் தம்ரோங்.

போம் தலையைச் சொறிந்தான். "நான்தான் ஆச்சான். முடிச்சு போடும்போது நிம் விரல வச்சுப் புடிச்சா." எங்கள் ஊரில் ஆசிரியர் என்றால் ஆச்சான்.

கண்ணை அந்த இடத்தில் வைத்தவளும் நிம்தான். ஒரு வருடம் கணக்குப் போட்டு, அலை அடித்தால் என்ன ஆகும், வெயில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்த இடம் அது. வெள்ளோட்டத்தன்று காலையில் அதே கையால் அதன் மேலேயே துணி கட்டவும் உதவியிருக்கிறாள். இரண்டையும் செய்தபோது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கு அங்கேதான் சுவாரசியம் பிடித்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஒனுமா. தத்துவம் படித்தவள். பொறியியல் கல்லூரியில் தத்துவக்காரிக்கு என்ன வேலை என்று என் அம்மா இன்னமும் கேட்கிறாள். 'தொழில்நுட்பமும் சிந்தனையும்' என்று ஒரு பாடம் கட்டாயம் வைக்கவேண்டும் என மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதற்காக என்னை எடுத்தார்கள். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் என் வகுப்பு. தம்ரோங் அதற்கு 'ஏசி வகுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார். பிள்ளைகள் அங்கே வருவது குளிர்ச்சிக்கு என்பது அவர் கட்சி. அது முழுப் பொய் என்று நானும் சொல்லமாட்டேன். நிம் மூன்று மாதமாகப் பின்வரிசைச் சுவரில் தலை சாய்த்துத் தூங்கியவள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தம்ரோங் ஆச்சான் அறிக்கை கேட்டிருக்காரு. ஏன் நின்னுச்சுன்னு காரணம் எழுதணும். அது சரியா இருந்தாத்தான் ரெண்டாவது வெள்ளோட்டம். அதுலயும் தேறலேன்னா இன்னொரு வருஷம் உக்காரணும். ராயோங்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, அதுவும் போயிடும்."

"அவர் என்ன எழுதச் சொல்றாரு?"

"பயனர் பிழைன்னு எழுது, முடிஞ்சுதுன்னு சொல்றாரு. துணி படகோட பாகம் இல்ல. பயன்படுத்துனவங்க வெளிப்பொருள மாட்டிட்டாங்க. அவ்வளவுதான்னு." அவள் அறிக்கைத் தாளை என் பக்கம் திருப்பினாள். "ஆனா பயன்படுத்துனது நான்தானே ஆச்சான். வடிவமைச்சதும் நான்தான். ரெண்டும் ஒருத்தின்னு எந்தக் கட்டத்துல எழுதுறது?"

பாடத்திட்டத்தை மூடி வைத்தேன். வண்டியில் துணியோ மாலையோ தாயத்தோ கட்டியிருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லாக் கையும் மேலே போயின. வண்டியின் வரைபடத்தில் அதற்கு இடம் பார்த்தவர்கள் என்றேன். எல்லாக் கையும் கீழே வந்தன.

"ஆச்சான், நம்ம பாஷையில எஞ்சினும் க்ருவாங், தாயத்தும் க்ருவாங்" என்றான் போம். "கொழம்புல அரைச்சுப் போடுற மசாலாவும் க்ருவாங்தான். அப்புறம் எது படகோட பாகம், எது இல்லன்னு எப்படிப் பிரிக்கிறது?"

"நீ சோத்துலயே நில்லு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பு சிரித்தது. ஆனால் அன்று யாரும் தூங்கவில்லை. மசாலா இல்லாவிட்டால் குழம்பு இல்லை, துணி இல்லாவிட்டால் படகு ஓடுமா ஓடாதா என்று கட்சி கட்டிக்கொண்டு பேசினார்கள். ஓடும், ஆனால் யாரும் ஏறமாட்டார்கள் என்றான் ஒருவன். ஆள் ஏறாத படகு ஓடுகிற படகா என்று இன்னொருத்தி கேட்டாள். மணி அடித்த பிறகும் பேச்சு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம்.

துணியை வேறு எங்காவது கட்டினால் தீர்ந்தது என்று நினைத்து நிம்மும் போமும் பிரயூன் மாமா வீட்டுக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். படகு முடிந்ததும் அதை ஓட்டப்போகிறவர் அவர்தான். காய்ந்த கெளுத்தியைப் பொரித்து வைத்து, சாப்பிடச் சொல்லிவிட்டு, மாமா வாசலில் குந்தினார்.

"பின்னால கட்டலாமா மாமா?" என்று கேட்டாள் நிம்.

"பின்னால கட்டுனா அவ வழியை எப்படிம்மா பாப்பா?"

போமுக்குப் புரையேறியது. இருமி முடித்துவிட்டு நிம்மைப் பார்த்தான். "கண்ணையும் அதுக்குத்தானே அங்க வச்சோம். ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. ஒரே சீட்டுக்கு ரெண்டு பேரு டிக்கெட் வாங்கியிருக்காங்க."

"சரி மாமா, படகு மரத்துல செஞ்சாத்தானே அவ வருவா, மரத்துல இருந்தவன்னுதானே சொல்லுவாங்க" என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை. "இது ஃபைபர் படகு. இதுல எங்கிருந்து வருவா?"

மாமா தன் படகு கட்டியிருந்த பக்கம் பார்த்தார். "அது எனக்கும் தெரியலீங்க ஆச்சான். என் படகும் ஃபைபர்தான். வந்திருக்காளான்னு நான் கேட்டதில்ல. வந்திருந்து, நாம கட்டாம விட்டுட்டா என்ன பண்றது?" பிறகு நிம் பக்கம் திரும்பினார். "உன் கண்ணுப் பெட்டிக்கும் அவளுக்கும் சண்டைன்னா பெட்டியை எடுத்துரு கண்ணு. எனக்குக் கண்ணு தெரியும்."

"போன வருஷம் எருமைக் கன்னு மேல ஏத்துனீங்களே" என்றாள் நிம்.

"அது தலைய உள்ள விட்டு மேஞ்சுகிட்டு இருந்துச்சு. இலைக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல" என்று முனகினார். அதன் பின் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

நிம் ஒரு வாரம் பட்டறையிலேயே கிடந்தாள். கண்ணுக்கு மேல் ஒரு கூரை வைத்து, கூரைக்கு மேல் கொம்பு மாதிரி ஒரு வளையம் வைத்தாள். துணியை அதில் கட்டினால் எந்தக் காற்றுக்கும் நுனி கீழே வராது. வரைபடத்தில் அதற்கு எண் கொடுத்தாள். பாகம் 27. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், 'இந்தப் படகில் துணி கட்டப்படும் என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும். தெரிந்தும் கணக்கில் எடுக்கவில்லை' என்று எழுதினாள். அதை நான் இரண்டு முறை படித்தேன்.

தம்ரோங் ஒரு முறைதான் படித்தார். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, பாகங்களின் பட்டியலை மேசையில் விரித்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே 'செயல்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. அவர் துறையில் அந்தக் கட்டம் வேதம் மாதிரி. இருபத்தேழுக்கு எதிரே காலியாக இருந்தது.

"காரணத்த ஒத்துக்கிட்டேன். தைரியமா எழுதியிருக்க" என்றார் நிம்மிடம். "இது என்ன?"

"துணி கட்டுற வளையம், ஆச்சான்."

"அது என்னன்னு கேக்கல. என்ன செய்யும்னு கேக்குறேன். என்ன செய்யும்னு தெரியாத ஒரு பாகத்த எந்த எஞ்சினியரும் படகுல வைக்கக் கூடாது. நான் இந்தக் காலேஜ்ல சொல்லிக்கொடுக்குறதே அது ஒண்ணுதான். அலங்காரம்னு போடு, கையெழுத்துப் போடுறேன்."

நிம் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை எழுதினால் போதும், வருடமும் வேலையும் கையில். எழுதிவிடு பெண்ணே என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"அலங்காரம்னு போட்டா, அடுத்த வருஷம் எவனாவது செலவக் குறைக்க அதத்தான் மொதல்ல எடுப்பான், ஆச்சான்" என்றாள். "அப்புறம் மாமா துணிய மறுபடியும் கண்ணு மேல கட்டுவாரு. படகு மறுபடியும் நிக்கும். அலங்காரம்னா எடுத்தாலும் படகு ஓடணும். இது எடுத்தா ஓடாது."

தம்ரோங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவள் சொன்னது அவருடைய பாணியிலேயே இருந்ததால் உடனே மறுக்க முடியவில்லை. "அப்ப என்னன்னு போடுவ?"

"தெரியல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக இயந்திரவியல் துறை தத்துவத்திடம் ஒரு சொல் கேட்டது. 'நம்பிக்கை' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பிரயூன் மாமாவே, அவள் வந்திருக்கிறாளா தெரியாது என்றவர். 'வழக்கம்' என்றால் வழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வார் தம்ரோங். சொல்லப்போனால் அந்தக் காலிக் கட்டம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் ஒரு பெண்ணின் வருடம் அதில் மாட்டியிருந்தது. அதனால் அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"வெள்ளோட்டம் நடக்கட்டும்" என்றார் தம்ரோங் கடைசியில். "தாளை நானே கொண்டுவர்றேன். கரைக்கு வர்றதுக்குள்ள கட்டத்துல ஏதாவது இருக்கணும். காலியா இருந்தா கையெழுத்து இல்ல."

இந்த முறை விருந்தாளிகள் இல்லை. காலை வெயில் ஏறுமுன் கிளம்பினோம். நிம் வளையத்தில் துணியைக் கட்டினாள். இந்தத் தடவை முடிச்சுக்கு விரல் பிடித்தவன் போம். தம்ரோங் அட்டையில் செருகிய தாளுடன் முன் பலகையில் போய் உட்கார்ந்தார். ஓட்டுநர் இடத்தில் பிரயூன் மாமா, அவருக்குப் பின்னால் நான். படகு சத்தமில்லாமல் போனது. அல்லி இலைகளின் மேல் தாவி நடக்கும் குருவிகள் நாங்கள் பக்கத்தில் போகும்வரை நகரவில்லை. துணி காற்றில் அடித்துக்கொண்டது. அதன் நுனி கண்ணுக்கு வரவேயில்லை. நிம் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரியின் நடுவில் படகு நின்றது.

திரையில் சிவப்பு எழுத்து. முன்னால் தடை. துணி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. கண்ணின் மேல் ஒரு தூசி இல்லை. முன்னால் நீரும் பூவும், சேறு படிந்த கொஞ்சம் இலைக்குவியலும். போம் கழியை எடுத்தான். "வேணாம்" என்றாள் நிம். குரலில் உயிர் இல்லை. மாமா எழுந்து நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லையே கண்ணு" என்றார். நிம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இலைக்குவியல் மூச்சு விட்டது.

முதலில் இரண்டு மூக்குத் துளைகள், பிறகு கொம்பு, பிறகு தலை முழுக்க இலையும் வேருமாக ஓர் எருமை நீருக்குள்ளிருந்து எழுந்து எங்களைப் பார்த்தது. அதன் விலாவை ஒட்டிக் கன்று ஒன்று. படகு முனைக்கும் அதற்கும் நடுவில் ஒரு துடுப்பு நீளம்கூட இல்லை. பின்னாலேயே இன்னொன்று எழுந்தது, அதன் பின்னால் இன்னொன்று.

தம்ரோங்கின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே நெஞ்சுக்கு உயர்ந்து குவிந்திருந்தன. கும்பிட்டது முனையைப் பார்த்துத்தான். அங்கே மேலே துணி இருந்தது, கீழே கண் இருந்தது. எதைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கைகளை இறக்கி, சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறவர் போலத் தடவி, நிஜமாகவே பேனாவை எடுத்தார்.

நிம் தலையை நிமிர்த்தினாள். எருமைகள் அவசரமில்லாமல் படகுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. தம்ரோங் மடியிலிருந்த தாளின் மேல் குனிந்து, இருபத்தேழுக்கு எதிரே பேனாவின் முனையை வைத்தபடி, எழுதாமல், கன்று கடந்து முடிக்கக் காத்திருந்தார்.