யானைக்கு எதற்கு நூல்?

என் மகள் சண்முகப்ரியா மூன்று நாளாக என்னிடம் கதை கேட்கவில்லை. இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள், கோபத்தில் மட்டும் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

காரணம் ஒரு யானை. சின்ன வயதில் எனக்கு உயிராக இருந்த படக்கதைப் புத்தகம், 'குடை கேட்ட யானை'. மழையில் நனைந்த யானை ஒவ்வொரு பிராணியிடமும் போய்க் குடை கேட்கும். கதை சூடுபிடிக்கும்போதெல்லாம், "இரு கண்ணு, நூலு அந்துபோச்சு" என்று சொல்லும். அவ்வளவு பெரிய தலைக்குச் சின்னப் பிராணிகள் தரும் குடையின் தையல் தாங்குமா, நூல் அறுந்துவிடுகிறது என்று நானாகப் புரிந்துகொண்டேன். மகளுக்கும் அப்படியே சொன்னேன். அவள் பள்ளிக்கூடக் கதைப் போட்டியில் அதையே சொல்ல, புத்தகத்தைப் படித்திருந்த டீச்சர், "அப்படி வரியே இல்லையே, யானைக்கு எதுக்கு நூல்?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது.

"நீ பொய்க்கதை சொல்லிட்டம்மா. இனி உங்கிட்டக் கதையே கேக்க மாட்டேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! பிறந்த வீட்டில் கிடக்கும் புத்தகத்தைக் கொண்டுபோய் டீச்சர் மேசையில் வைக்காமல் விடுவதில்லை என்று, சனிக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு சிங்காநல்லூரில் பல்லடம் பஸ் ஏறினேன்.

பல்லடத்தில் என் அப்பா மாரப்பன் விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறிகள். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்த வேண்டும்.

"ஏனுங்கப்பா, யானைப் பொஸ்தகம் எங்கீங்க?"

"அலமாரி மேல பாரு அம்மணி. பிஞ்சு போச்சுன்னு பாவு நூல்ல தெச்சு வெச்சிருக்கறேன்."

அதே யானை, அதே குண்டுத் தவளை. பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு வரிவரியாகப் படித்தேன். நூலும் இல்லை, கண்ணும் இல்லை. பக்கங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று எச்சில் தொட்டுக்கூடப் பார்த்தேன். மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்லதானே?"

அப்பாவிடம் கேட்டேன். "யானை நூலப் பத்தி எங்க பேசுச்சு? கொண்டா, நான் படிக்கறேன்" என்று முக்காலியில் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் தறிகளுக்கு நடுவே எனக்குப் படித்த மாதிரியே கத்திக் கத்திப் படித்தார். கதை என்றாலே கத்தித்தான் படிக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்ததும், எங்கள் வீட்டில் கதை நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவதும் இதனால்தான். தவளை வாயைத் திறக்கும் நேரம், மூலைத் தறி நின்றது.

அப்பா புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். "இரு கண்ணு, நூலு அந்துபோச்சு."

இருபத்தைந்து வருஷமாக யானை பேசியதாக நான் நினைத்ததெல்லாம் அப்பா பேசியது.

"அம்மா! யானை!" என்று மகள் துள்ளினாள். முடிச்சுப் போடும் தாத்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நீ பொய் சொல்லலம்மா."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அப்பா ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தார்.

"அப்பச்சி, மறுக்கா மொதல்ல இருந்து படிங்க. நூலு அந்தாத்தான் அடுத்த பக்கம்" என்று தாத்தாவிடம் சொன்னாள் மகள்.

அன்றைக்குப் பார்த்து நல்ல நூல், லேசில் அறுவதாக இல்லை. யானைக்குக் குடை கிடைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.