புகைக்கூண்டில் இரண்டு சம்பந்திகள்

தொட்டையனிடம் ஒரு பழக்கம். பிடிக்காத பேச்சு காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவான். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது; துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். கூடப்பிறந்த அண்ணனிடமிருந்து அப்படிப் போனவன், ஒரே ஊரில் இருந்துகொண்டு கடைசிவரை அந்த வாசலை மிதிக்கவில்லை. இந்தப் பிடிவாதக்காரனிடம்தான் ரத்தினசாமி ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

ரத்தினசாமிக்குப் பெண் பிறந்த அன்றே, "இவ என்ற மவனுக்குத்தான்" என்று தொட்டையன் வெற்றிலை மடித்துக் கொடுத்தான். இவனும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். அன்று முதல் இருவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. சம்பந்தி, சம்பந்தி என்று கொள்ளேகாலம் சந்தையே சிரிக்கும்படி கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். போன வாரம் ரத்தினசாமியின் மச்சான் தாம்பூலத் தட்டோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டான். "தாய்மாமன் நானிருக்க, என்ற பையனிருக்க, ராமக்காளை வெளியில குடுத்துருவீங்களா?" தாய்மாமன் நீட்டிய தட்டை வேண்டாம் என்கிற தைரியம் எவனுக்கு வரும்? ரத்தினசாமிக்கு வரவில்லை. வாங்கிக்கொண்டான்.

இதைப் பிறத்தியார் வாயால் கேட்டால் தொட்டையன் ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்கமாட்டான். ஊர் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும். மைசூர் தசராவுக்கு அவனைக் கிளப்பிக்கொண்டு வந்ததே அதற்குத்தான்.

நஞ்சன்கூடு வரை மாட்டுவண்டியில் வாயெடுத்தான். வண்டிக்காரன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். ரயிலில் மூச்சுவிட இடமில்லை. தேவராஜ மொஹல்லாவில் பூக்கடைகளுக்கு நடுவே, "சம்பந்தி, ராமக்காள் விஷயமா..." என்று ஆரம்பித்தான். "மருமவளுக்குச் சேலதானே? வா, எடுத்துரலாம்" என்று தொட்டையன் அவனை இழுத்துக்கொண்டு போய், ஒரு சிவப்புச் சேலையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ரத்தினசாமிக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் உட்கார்ந்தான்.

மைதானத்தில் ஒரு வெள்ளைக்காரன் புகைக்கூண்டு பறக்கவிடுகிறான் என்று கூட்டம் ஓடியது. இவர்களும் ஓடினார்கள். குழியில் வைக்கோலை எரித்து, அந்தப் புகையைப் பெரிய துணிப்பைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு பிரம்புக் கூடை, அதை விடாமல் பிடிக்கத் தேர்வடம் மாதிரி ஒரு கயிறு. கூடையில் இரண்டு பேர் நிற்கலாம், வாசல் கிடையாது. ரத்தினசாமி அதையே பார்த்தான். இதற்குள்ளிருந்து தொட்டையன் எங்கே எழுந்து போவான்? தென்னை மரம் ஏறவே பயப்படுகிற ரத்தினசாமி, "ஏறலாம் சம்பந்தி" என்று முதல் ஆளாக முன்னால் போனான்.

கயிற்றுக்காரர்களின் தலைவன் மல்லப்பன் ஏற்றிவிட்டான். "சுவாமி, கீழ வந்ததும் ஒருத்தர் மட்டும் குதிச்சிடாதீங்க. பாரம் கொறஞ்சா இன்னொருத்தரை வெடுக்குனு மேல தூக்கிடும். நாங்க மணல் மூட்டை வெச்சப்புறம் சேர்ந்து எறங்குங்க. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"

கூடை ஓர் ஆட்டம் ஆடிக் கிளம்பியது. சனங்களின் கூச்சல் கீழேயே தங்கிவிட்டது. தொட்டையன் சின்னப் பிள்ளையாகிவிட்டான். "அங்க பாரு, சாமுண்டி மலை! அரமனை ஆனையப் பாரு, எலியாட்டம்! நம்ம பேரனுக்குச் சொன்னா நம்புவானா சம்பந்தி?"

"பேரன் இல்ல" என்றான் ரத்தினசாமி. "ராமக்காளை அவ மாமன் வீட்டுக்குக் குடுத்துட்டேன். தட்டு வாங்கிட்டேன்."

தொட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டான். திரும்பி ஓரடி வைத்தான். பிரம்பு வயிற்றில் இடித்தது. அந்தப் பக்கம் திரும்பினான், அங்கேயும் பிரம்பு. கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ரத்தினசாமியும் திரும்பிக்கொள்ள, நகர இடமில்லாததால் முதுகும் முதுகும் ஒட்டிக்கொண்டன. அவன் மூச்சு வாங்குவது இவன் முதுகில் தெரிந்தது.

"உன்னக் கேக்காம வாங்குனது தப்பு. திட்டியாச்சும் போடு" என்றான் ரத்தினசாமி. அழுகை வந்துவிட்டது. கயிறு கிறீச்சிட்டது. தரையில் சொல்லியிருந்தால் போகிற முதுகையாவது பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம் என்று தோன்றியது. இப்படி ஒட்டிக்கொண்டு நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

புகை ஆறி, பை சுருங்க, ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். இன்னும் ஓர் ஆள் உயரம் இருக்கும்போதே தொட்டையன் ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டான்.

"பேடா சுவாமி, வேண்டாம்!" என்று மல்லப்பன் அலறினான்.

ரத்தினசாமி தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது? கூடையைத் தொங்கவிட்ட கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். இதோ தூக்கப் போகிறது, இதோ என்று காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தான்.

தொட்டையன் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று உட்கார்ந்தபடி, கயிற்றை இறுக்கியிருந்த அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெளியே கிடந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான். கூடை தரை தட்டியது. மணல் மூட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து விழுந்தன.

தொட்டையன் கக்கத்திலிருந்த சேலையை எடுத்து நீட்டினான். "இது ராமக்காளுக்குன்னு எடுத்தது. அவளுக்கே குடு."

ரத்தினசாமிக்கு வாங்கக் கை வரவில்லை. கை இன்னும் கயிற்றிலேயே இருந்தது. தொட்டையன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"சேந்துதான் எறங்கோணுமாம். எறங்கு, ரத்தினா."